நம் வீட்டுச் சாமிகளுக்கு முகம் கொடுத்தவர்

காரியாபட்டியில் எந்தத் தெருவுக்குள் வேண்டுமானாலும் போங்கள். கொஞ்சம் பழைய வீடாகப் பார்த்து உள்ளே எட்டிப் பாருங்கள். வாசலுக்கு எதிர்ச்சுவரில், பழுப்பேறிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு லட்சுமியோ, வேலும் மயிலுமாக முருகனோ, பட்டாபிஷேகக் கோலத்தில் ராமரோ இருப்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அது படமாக வாங்கியதல்ல, காலண்டராக வந்ததை அளவாக வெட்டிச் சட்டம் போட்டது என்று தெரிந்துவிடும். அடியில் ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் பெயர் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். இன்னும் கிட்டப் போங்கள். படத்தின் மூலையில், தாமரை இலைக்குக் கீழேயோ படிக்கட்டின் விளிம்பிலோ, மிகச் சின்ன ஆங்கில எழுத்தில் ஒரு கையெழுத்து இருக்கும். பல வீடுகளில் அது வேறு யாருடையதாகவோ இருக்கும். சில வீடுகளில் அது சி. கொண்டையராஜு என்று இருக்கும். அந்த மாதிரி ஒரு வீடு கிடைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

கோவில்பட்டியில் வாழ்ந்து மறைந்த அந்த ஓவியர் மீது எனக்கு இருப்பது வெறும் ரசனை என்று சொல்ல மாட்டேன், அது பக்தி. நூறு ஆண்டுக் காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ மகத்தான ஓவியர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் யாருடைய படம் அதிகமான வீடுகளில், அதிகமான கண்களால், அதிகமான நாள் பார்க்கப்பட்டது என்று கேட்டால் என் பதில் கொண்டையராஜுதான். சாமி கும்பிடக் கண்ணை மூடுகிறவர்களில் பாதிப் பேருடைய மனதில் வந்து நிற்கும் முகம் அவரும் அவர் சீடர்களும் எழுதிய முகம். அப்படி ஒரு மனிதர் நம் கரிசல் காட்டில், நமக்கு ஒன்றிரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்து வேலை பார்த்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அவர் பிறந்தது இங்கே இல்லை. 1898-இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தஞ்சாவூர்ப் படங்கள் என்று நாம் சொல்லும் தங்க ரேக்கு ஒட்டிய சாமிப் படங்களை வழிவழியாக எழுதி வந்தவர்களில் ராஜு என்ற பட்டம் உடைய தெலுங்கு பேசும் குடும்பத்தார் முக்கியமானவர்கள். அந்தப் பட்டம் இவர் பெயரிலும் இருக்கிறது. ஆனால் இவர் படித்தது பரம்பரைப் பட்டறையில் அல்ல, சென்னையில் அரசாங்கம் நடத்திய கலைப்பள்ளியில். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1850-இல் தொடங்கிய பள்ளி அது. இன்றைக்கு எழும்பூரில் கவின்கலைக் கல்லூரி என்று நிற்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல் இந்திய முதல்வராக வந்தது 1929-இல். கொண்டையராஜு அதற்கு முன்பே படித்து வெளியேறிவிட்டார். அங்கே அவர் பழகியது ஐரோப்பிய முறை. சுண்ணாம்புச் சிலையை எதிரே வைத்து ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே இறங்குகிறது என்று மணிக்கணக்காக வரைந்து பழக வேண்டும். தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரிய வேண்டும், கன்னம் உருண்டு தெரிய வேண்டும், பட்டு பட்டாகவும் பொன் பொன்னாகவும் மின்ன வேண்டும். அவர் எழுதிய எந்த லட்சுமியையாவது எடுத்து, முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் பாருங்கள். உள்ளங்கையின் சிவப்பு விரல் நுனிவரை எப்படி மெதுவாகப் பரவிக் கரைகிறது! அந்தப் பள்ளியில் வாங்கிய அடிப்படை அது.

அப்படிப் படித்தவர்கள் அந்தக் காலத்தில் என்ன ஆவார்கள்? டிராயிங் மாஸ்டர் ஆகலாம், ஜமீன்தார்களுக்கு முழு உருவப் படம் எழுதிக் கொடுக்கலாம், சர்வே ஆபீஸில் வரைபடக்காரராகச் சேரலாம். கொண்டையராஜு திருவண்ணாமலைக்குப் போனார். ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் போய்த் தங்கினார். துறவு அவரை இழுத்திருக்கிறது.

காரியாபட்டிக்காரனான எனக்கு இந்த இடம் வந்ததும் நெஞ்சு நிமிர்ந்துவிடும். ரமணர் யார்? நம் பக்கத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன்தானே! காரியாபட்டியிலிருந்து திருச்சுழிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால், கரிசலும் வேலிக்கருவையும் பின்னால் ஓட, சீக்கிரமே திருமேனிநாதர் கோயில் கோபுரம் தெரிந்துவிடும். கோயிலுக்குப் பக்கத்திலேயே அவர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் இருக்கிறது. 1896-இல், பதினாறு வயதில், மதுரையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குக் கிளம்பிப் போன பிள்ளை அவர். அந்தப் பிள்ளை மகரிஷியாகி உட்கார்ந்திருந்த இடத்துக்கு மயிலாப்பூரிலிருந்து ஓர் ஓவிய இளைஞர் போகிறார். பிறகு அதே இளைஞர் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ரமணரின் சொந்தச் சீமையான இந்தக் கரிசல் பக்கமே வந்து சேர்ந்து, சாகும்வரை இங்கேயே இருக்கிறார். இதற்கு நான் காரணம் கற்பிக்கவில்லை. ஆனால் சுந்தர மந்திரத்துத் திண்ணையில் உட்காரும்போது இரண்டு பேரையும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

ஆசிரமத்திலிருந்து அவர் போய்ச் சேர்ந்த அடுத்த இடம் இன்னும் அதிசயம்: நாடகக் கம்பெனி! மௌனமே பாடமாக இருந்த இடத்திலிருந்து, ஆர்மோனியமும் கேஸ் லைட்டும் கைதட்டலுமாக இருந்த இடத்துக்கு. அங்கே அவருக்கு வேலை, படுதா எழுதுவது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஏற்படுத்தியதிலிருந்து இந்தப் பக்கம் பாய்ஸ் கம்பெனிகளின் காலம். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் ஆடுவார்கள். ஒரு கம்பெனிக்குப் பெயர் வருவதே அதன் சீன்களை வைத்துத்தான். தர்பார் சீன், தெரு சீன், காடு சீன், கைலாயம், வைகுண்டம் எல்லாம் துணியில் எழுதிச் சுருட்டி, மாட்டு வண்டியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போவார்கள். படுதா இறங்கியதும் கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்திருக்கிறவன்கூட “ஆ” என்று வாயைப் பிளக்க வேண்டும். நூறடிக்கு அப்பாலிருந்து, ஆடிக்கொண்டிருக்கும் வெளிச்சத்தில் பார்க்கிறவனுக்குத் தெரிகிற மாதிரி எழுதுவது தனி வித்தை. வண்ணம் துணிய வேண்டும், விளிம்பு தெளிய வேண்டும், அலங்காரம் குறையக் கூடாது.

கொண்டையராஜுவின் காலண்டர் சாமிகளுக்குப் பின்னால் இருக்கும் மலையையும் அருவியையும் வளைவுகள் வைத்த மண்டபத்தையும் பாருங்கள். திரைச்சீலைதான் அது! தெய்வம் இப்போதுதான் படுதாவுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது, இன்னும் ஒரு கணத்தில் பாடப்போகிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். கலைப்பள்ளி கைக்குப் பழக்கம் கொடுத்தது. திருவண்ணாமலை அவர் முகங்களில் இருக்கும் அசையாத அமைதியைக் கொடுத்தது. நாடகம் அந்த அமைதியைச் சுற்றி இத்தனை கோலாகலத்தைக் கட்டக் கற்றுக் கொடுத்தது. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தது நம் பாக்கியம் என்றுதான் சொல்வேன்.

1931-இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ் பேசும் படம் தொடங்கியதும் நாடகக் கம்பெனிகள் ஒன்றொன்றாக ஆட்டம் கண்டன. கொண்டையராஜு இருந்த கம்பெனி 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டியோடு நின்றது. நடிகர்கள் அவரவர் திசைக்குப் போனார்கள். இவர் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரோடு தங்கினவர் சீடர் டி.எஸ். சுப்பையா. தேவி ஆர்ட் ஸ்டுடியோ உருவானது. போட்டோ ஸ்டுடியோக்களுக்குப் பின்னணிப் படுதா எழுதுவது, கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்கு வண்ணம் தீட்டுவது, செத்துப்போன தாத்தாவின் சின்னப் போட்டோவை வைத்துப் பெரிய உருவப்படம் எழுதித் தருவது என்று ஊருக்கு என்ன தேவையோ அதெல்லாம் செய்தார்கள்.

சிவகாசி அவரைக் கண்டுபிடித்தது அப்போதுதான். அந்தக் கதை தீப்பெட்டியில் ஆரம்பிக்கிறது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922 வாக்கில் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை குறைந்த, வானம் பார்த்த பூமி. விவசாயத்துக்குச் சாபமான அந்த வறட்சியே தீக்குச்சி காய்வதற்கும் பட்டாசு மருந்து காய்வதற்கும் வரமானது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சுக்கும் அதே வறட்சி ஒத்துப்போனது. அந்தக் காலத்துப் பல வண்ண அச்சில் காகிதம் ஒரு முறை இயந்திரத்துக்குள் போய் வந்தால் ஒரு வண்ணம்தான் ஏறும். காற்றில் ஈரம் இருந்தால் காகிதம் இம்மி அளவு உப்பி, அடுத்த வண்ணம் தள்ளி உட்கார்ந்துவிடும். அச்சகக்காரர்கள் பேச்சில், ரிஜிஸ்டர் சேராது. சிவகாசிக் காற்றில் மை சீக்கிரம் காயும், காகிதம் சொன்னபடி கேட்கும். லேபிள் அச்சடித்த கைகள் காலண்டர் அச்சடிக்கக் கிளம்பின. நேஷனல் லித்தோ, கோரனேஷன் லித்தோ, ஓரியண்ட் லித்தோ என்ற பெயர்களைப் பழைய காலண்டர்களின் அடியில் படித்துப் படித்து எனக்கு அவை குலதெய்வங்களின் பெயர்கள் மாதிரி ஆகிவிட்டன. அச்சகங்கள் தயாராக இருந்தன. சாமி எழுதத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை கோவில்பட்டியில் இருந்தது.

இங்கே ரவிவர்மாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1894-இல் பம்பாயில் அச்சகம் வைத்து, ஜெர்மானியத் தொழில்நுட்பத்தில் சாமிப் படங்களை வண்ணத்தில் அச்சடித்து வீடு வீடாகக் கொண்டுபோனவர் அவர். கொண்டையராஜு அவருக்குக் கடன்பட்டவர், சந்தேகமே இல்லை. ரவிவர்மாவின் குடும்பத்துக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. திருவிதாங்கூர் அரசவையில் ஓவியராக இருந்த மதுரை அழகிரி நாயுடுவிடம்தான் ரவிவர்மாவின் மாமா ராஜராஜ வர்மா ஓவியம் கற்றார். மதுரையிலிருந்து ரவிவர்மாவின் ஊரான கிளிமானூருக்குப் போன விளக்கு பம்பாய் வரை சுற்றி, திரும்பக் கோவில்பட்டியில் வந்து எரிந்தது என்று நான் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் இரண்டு பேரும் ஒன்றல்ல. ரவிவர்மாவின் லட்சுமி பேரழகி. தாமரைக் குளத்தில் வந்து நிற்கும் ஓர் அரண்மனைப் பெண். அவளைப் பார்த்து வியக்கலாம், அவள் நம்மை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கொண்டையராஜுவின் லட்சுமி கருவறையிலிருந்து புறப்பட்டு வந்தவள். நேருக்கு நேர் நம்மையே பார்க்கிறாள். இமை விரிந்திருக்கிறது, உதட்டில் சிரிப்பு தொடங்கியும் தொடங்காமலும் நிற்கிறது. உடம்பில் நரம்பு தெரியாது, தசை முறுக்கு தெரியாது, வயது தெரியாது. ஆகமத்தில் சொன்னபடி எந்தக் கையில் என்ன இருக்க வேண்டுமோ அது இருக்கிறது. தஞ்சாவூர்ப் படத்தின் நேர்நிலையும், ஐரோப்பியப் படத்தின் ஒளிநிழலும் ஒரே முகத்தில் சேர்ந்துவிட்டன. ஊர்க்கோயிலில் தீபாராதனை காட்டும்போது ஒரு நொடி அம்மன் முகம் ஒளிர்ந்து நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்குமே, அந்த ஒரு நொடியைப் பிடித்துக் காகிதத்தில் நிறுத்திவிட்டார்!

எங்கள் அப்பத்தா வீட்டில் ஒரு முருகன் படம் உண்டு. அப்பத்தா குளித்துவிட்டு வந்து அந்த முருகனைப் பார்த்துத்தான் திருநீறு பூசும். “அடுப்படியில நின்னாலும் பாக்குறான், முத்தத்துல நின்னாலும் பாக்குறான், இவன ஏமாத்த முடியாதுப்பா” என்று சொல்லும். நேராகப் பார்க்கும் கண்களை எழுதினால் அப்படித்தான் தெரியும் என்று ஓவியம் படித்தவர்கள் விளக்கலாம். அந்த விளக்கம் எனக்கும் தெரியும். தெரிந்த பிறகும் அந்த முருகன் முன்னால் நான் பொய் சொன்னதில்லை.

அவருடைய ‘மீனாட்சி கல்யாணம்’ பற்றி மட்டும் தனியாகவே பேச வேண்டும். மதுரையை ஒட்டி இருக்கிற எங்களுக்குச் சித்திரைத் திருக்கல்யாணம் சொந்த வீட்டுக் கல்யாணம். மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத் தூணில், நடுவில் நாணி நிற்கும் மீனாட்சி, ஒரு பக்கம் சுந்தரேசர், இன்னொரு பக்கம் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் பெருமாள் என்று மூன்று உருவங்கள் கல்லில் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லை நினைவில் வைத்துக்கொண்டு கொண்டையராஜுவின் படத்தைப் பாருங்கள். கல்லில் இருந்த அமைப்பு அப்படியே உயிர் பெற்று, பட்டும் பொன்னும் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மீனாட்சியின் தலை சாய்ந்திருக்கும் கோணத்தைப் பார்த்தால் மதுரையை ஆண்ட ராணியும் அவள்தான், வெட்கப்படும் பெண்ணும் அவள்தான். நகை ஒவ்வொன்றையும் முத்து முத்தாக எழுதியிருக்கிறார். ராக்கொடி, மூக்குத்தி, ஒட்டியாணம், காசுமாலை என்று எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்று பெயர் சொல்லி எண்ணுவார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு நல்ல முகப்புப் படம் வேண்டுமென்று இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் யாராவது கேட்டால் அந்தப் படத்தின் வழி வந்த ஏதோ ஒன்றைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

பழைய சாமிப் படம் வாங்குவதற்காகச் சட்டம் போடும் கடைகளையும் வேஸ்ட் பேப்பர் கடைகளையும் நான் விடுவதில்லை. கையில் ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் இருக்கும். அதை வைத்துப் பார்ப்பது ஒரு தனி இன்பம். பிற்காலத்து ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வரிசை வரிசையாக, ராணுவ ஒழுங்கில் நிற்கும். லித்தோ காலத்துப் படத்தில் புள்ளிகளுக்கு ஒழுங்கே இருக்காது, ஏனென்றால் அவை மனிதக் கையால் வைத்த புள்ளிகள். ஓவியர் கொடுத்த மூலப் படத்தை எதிரே வைத்துக்கொண்டு, இதில் மஞ்சள் எவ்வளவு, ரோஸ் எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று கண்ணாலேயே பிரித்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாகக் கல்லிலோ நாகத் தகட்டிலோ புள்ளி வைத்தவர்கள் சிவகாசி அச்சகங்களின் லித்தோ ஆர்ட்டிஸ்டுகள். அவர்களில் ஒருவர் பெயரும் படத்தில் இருக்காது. அம்மனின் கன்னத்தில் பூதக்கண்ணாடியை வைத்து, மஞ்சள் புள்ளிக்குப் பக்கத்தில் ரோஸ் புள்ளி, அதற்குப் பக்கத்தில் வெளிர் நீலம் என்று பார்த்துவிட்டு, கண்ணாடியை எடுத்ததும் அத்தனையும் சேர்ந்து மஞ்சள் பூசிய கன்னமாக மாறும் அந்தக் கணத்துக்கு ஈடாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இனி, கொண்டையராஜு ஏன் எழுதினார் என்பது. பணத்துக்காக இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீடு வாசல் சேர்க்கவில்லை. வருமானம் சீடர்களோடு பங்காகிப் போயிற்று. சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், செண்பகராமன், மீனாட்சிசுந்தரம் என்று அவரிடம் கற்றவர்கள் ஒரு பெரும் பரம்பரை. கோவில்பட்டியிலும் சிவகாசியிலும் அடுத்த தலைமுறைக் காலண்டர்கள் பெரும்பாலும் இவர்கள் கையில்தான் இருந்தன. பல படங்களில் குரு, சீடர் இரண்டு பேர் கையெழுத்தும் சேர்ந்தே இருக்கும். பின்னணி இயற்கைக் காட்சியில் சுப்பையா கெட்டிக்காரர். தெய்வ உருவம் குருநாதருடையது. இரண்டு கையும் ஒரே படத்தில். “என் படம்” என்று தனியாகப் பெயர் நாட்டிக்கொள்ள ஓவியர்கள் ஆசைப்பட்ட நூற்றாண்டில், வேலை தெரிந்த சீடன் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்ட ஆள்! துறவு தேடிப் போனவர் அதைத் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு வந்தார் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. காவி கட்டாமல், பிரஷ் பிடித்த கையோடு அதைத் தொடர்ந்தார். அவருக்கு வரைவதே வழிபாடு. வாங்குகிறவருக்கு அந்தப் படமே கோயில். நடுவில் தான் நிற்க வேண்டியதில்லை என்று விலகிக்கொண்டார்.

அவர் வேலையை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். கோயிலுக்குள் காலம் காலமாக விடப்படாத சாதிகள் இந்தப் பக்கத்தில் உண்டு. கோயில் நுழைவு உரிமையை ஒட்டி 1899-இல் சிவகாசியில் நடந்த கலவரமும், கமுதி கோயில் வழக்கும் இந்த மண்ணின் வரலாறு. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் நடத்தியது 1939-இல்தான். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, கோவில்பட்டியில் எழுதி சிவகாசியில் அச்சான மீனாட்சி, யாரிடமும் அனுமதி கேட்காமல், எல்லாத் தெருவுக்கும் எல்லா வீட்டுக்கும் வந்து சுவரில் நின்றாள். காசு கொடுத்துக்கூட வாங்க வேண்டாம். மளிகைக்கடைக்காரர் தை பிறப்பதற்குள் கையில் சுருட்டிக் கொடுத்துவிடுவார். குடிசைக்கும் அதே அம்மன், மச்சு வீட்டுக்கும் அதே அம்மன், அதே கண்கள். இதைவிடப் பெரிய காரியத்தை நம் காலத்து ஓவியம் எங்கே செய்திருக்கிறது, சொல்லுங்கள்!

“காலண்டர் படம்தானே” என்று உதட்டைச் சுழிக்கிறவர்களோடு நான் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். அழகழகாக இருக்கிறது, இனிப்பு அதிகம், எல்லா முகமும் ஒன்றாக இருக்கிறது என்பார்கள். எல்லா முகமும் ஒன்றாக இருக்கத்தான் வேண்டும்! சோழர் காலத்து வெண்கல அம்மன்களில் ஒருத்தி மூக்கு மாதிரியே இன்னொருத்தி மூக்கும் இருக்கிறது என்று யாராவது குறை சொல்வார்களா? தெய்வ உருவத்தை விவரிக்கும் தியான சுலோகத்துக்குள் நின்றுகொண்டு உயிர் கொடுப்பதுதானே அங்கே கலை. இது கும்பிடுவதற்காக எழுதிய படம். கூடத்துச் சுவரில் அழகுக்கு மாட்டும் படத்துக்கு வைத்திருக்கிற அளவுகோலைத் தூக்கிக்கொண்டு இதனிடம் வரக் கூடாது. அயல்நாட்டு ஆய்வாளர்களுக்கு இது முன்பே புரிந்துவிட்டது. கனடாவின் மானுடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் கொண்டையராஜுவின் வேலையைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரை 1995-இல் ஒரு தொகுப்பு நூலில் வந்தது. கஜ்ரி ஜெயின் 2007-இல் இந்தியக் காலண்டர் படங்களைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார், அதில் சிவகாசி நிறைய வருகிறது. நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொண்டையராஜு யார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் எழுதிய சரஸ்வதிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரியாது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கோவில்பட்டிக்கு ஒரு முறை போய் வாருங்கள். ரயிலில் போனால் மதுரை–திருநெல்வேலி பாதையில் இறங்கலாம். செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போங்கள், கடலை மிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள், நாகஸ்வரச் சக்கரவர்த்தி காருக்குறிச்சி அருணாசலத்தின் சிலையைப் பாருங்கள். அந்த ஊரில் நாகஸ்வரமும் ஓவியமும் ஒரே காலத்தில் உச்சியில் இருந்திருக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டே தெருக்களில் நடங்கள். பழைய கடைகளில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் படங்களைப் பார்க்காமல் வராதீர்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுக் கிட்டப் போய்ப் பாருங்கள், ஒருவரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. நான் கேட்கப்போய் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்த அண்ணாச்சிகளும் உண்டு. “எங்க ஐயா காலத்துப் படம்ங்க, கடை இடம் மாறுறப்பல்லாம் மொதல்ல இதத்தான் எடுத்துட்டுப் போவோம்” என்று ஒருவர் சொன்னார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஊதுபத்திப் புகை ஏறி முகம் கறுத்திருந்தது அந்த லட்சுமிக்கு. கண் மட்டும் அப்படியே இருந்தது.

கொண்டையராஜு 1976-இல் மறைந்தார். இன்றைக்குக் காலண்டர்கள் கம்ப்யூட்டரில் தயாராகின்றன. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான ஆல்பங்களை வெளியிடும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அந்த ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு ஏஜென்டுகள் காரியாபட்டிக் கடைவீதிக்கும் வருவார்கள். நான் போய் நின்றுகொள்வேன். தங்க ஃபாயில் ஒட்டியது, மேடு தட்டியது, இயற்கைக் காட்சி, நடிகர் படம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போய் சாமிப் படங்களில் நிறுத்தச் சொல்வேன். புதிதாகச் செய்த லட்சுமிகளில்கூட அந்த நேர்ப்பார்வை, சிவந்த உள்ளங்கை, தொடங்காத சிரிப்பு எல்லாம் இருக்கும். யாரோ ஓர் இளைஞர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தன் வீட்டுச் சுவரில் பார்த்து வளர்ந்த முகத்தைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்.

நான் இப்போது எங்கள் பக்கத்து ஊர்களில், வீட்டுக்காரர்கள் சம்மதத்தோடு, கையெழுத்து உள்ள பழைய படங்களைப் போட்டோ எடுத்து வருகிறேன். எந்த அச்சகம், எந்தக் கடை கொடுத்த காலண்டர், எந்த வருஷத்துத் தாள், குருவின் கையெழுத்து மட்டுமா சீடர் கையெழுத்தும் சேர்ந்தா என்று எழுதிவைக்கிறேன். கல்குறிச்சி, மல்லாங்கிணறு, திருச்சுழி என்று ஊர் ஊராகப் போகிறேன். வெயில் படும் சுவரில் மாட்டியிருந்தால் நிழலுக்கு மாற்றி மாட்டச் சொல்கிறேன். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே பூச்சி போயிருந்தால் சட்டக் கடையில் கொடுத்துச் சுத்தம் பண்ணித் தருகிறேன். மல்லாங்கிணற்றில் ஓர் ஆத்தா வீட்டில் ராமர் பட்டாபிஷேகம் ஒன்று இருக்கிறது, வலது மூலையில் குரு, சீடர் இரண்டு பேர் பெயரும் தெளிவாக இருக்கிறது. சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். “புரட்டாசி சனி கழியட்டும்யா, சாமிய நடுவுல எறக்கப் படாது” என்றது. காத்திருக்கிறேன். அதற்குள் உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் தாமரை இலைக்குக் கீழே பாருங்கள்.